குவைத்தின் கலைக் கருவூலம்: பறிபோனதும் மீண்டதும்

நமது மஹல்லாவில் குவைத் என்னும் சொல்லைக் கேட்டறியாத வீடு ஏறக்குறைய இல்லை எனலாம். தந்தையோ, தனயனோ, மருமகனோ யாரேனும் ஒருவர் அந்நாட்டில் பணியாற்றியிருப்பார். அல்லது பணியாற்றிக் கொண்டிருப்பார். ஆயினும் அந்நாட்டைப் பற்றி நாம் அறிந்திருப்பது என்னவென்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், விசா, அகாமா, தினாரின் மதிப்பு, கோடை வெயில், எண்ணெய்க் கிணறு என்ற அளவிலேயே நம் அறிவு நின்றுவிடுவதை உணரலாம்.

அந்நாட்டிற்கு இன்னொரு முகமும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வெயில் தணியத் தொடங்கியதும் அங்கே கலை, இலக்கிய நிகழ்ச்சிகளுக்கான பருவம் தொடங்குகிறது. வழக்கமாக நவம்பர் மாதத்தையொட்டிப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடைபெறும். ‘குரைன்’ என்ற பெயரில் பண்பாட்டு விழா நடைபெறும். ‘தாருல் ஆஸாரில் இஸ்லாமிய்யா’ என்னும் நிறுவனம் சொற்பொழிவுகளையும் கண்காட்சிகளையும் நடத்தும். 2001 ஆம் ஆண்டிலும், மீண்டும் 2025 ஆம் ஆண்டிலும் குவைத் அரபுப் பண்பாட்டுத் தலைநகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சிறப்பு நிகழ்ச்சிகளை நடத்தியது.

இத்தகைய நிகழ்ச்சிகளின் அறிவிப்பை நாளேடுகளில் காணும் நம் சகோதரர்கள் பலர், ‘எண்ணெய்ப் பணம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு’ என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். அந்த எண்ணம் சரியன்று. இவற்றின் பின்னே நெடிய வரலாறு ஒன்று உள்ளது. ஒரு சமுதாயம் அரிதின் முயன்று சேர்த்த செல்வத்தை ஒரு போரில் இழந்து, பின்னர் அதன் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்ற வரலாறு அது. இழந்ததை மீட்க அவர்களுக்கு உதவியது எது என்பதை அறிந்துகொள்வது நமக்கும் பயன்தரும் என்பதனாலேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எண்ணெய்க்கு முன் ஒரு கடல் வாழ்வு

குவைத் என்னும் பெயர் சிறு கோட்டை என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. அவ்விடத்திற்குக் ‘குரைன்’ என்ற பழைய பெயரும் உண்டு. இன்றைய பண்பாட்டு விழாவுக்கு அந்தப் பழம்பெயரையே சூட்டியிருக்கின்றனர். 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பனூ உத்பா கூட்டத்தினர் இக்கரையில் வந்து குடியேறினர். வேளாண்மைக்கு ஏற்ற மண்ணும் இல்லை. குடிப்பதற்கு வேண்டிய நன்னீரும் போதிய அளவில் இல்லை. எனவே அவர்கள் கடலை நம்பி வாழ்ந்தனர். கோடையில் முத்துக்குளித்தலும், ஏனைய காலங்களில் கப்பல் வாணிபமுமே அவர்களது வாழ்வாதாரங்களாக இருந்தன.

பஸராவின் பேரீத்தம் பழங்களை ஏற்றிக்கொண்டு குவைத்தின் ‘பூம்’ என்னும் பாய்மரக் கப்பல்கள் கராச்சிக்கும் பம்பாய்க்கும் மலபார்க் கரைக்கும் வந்தன. திரும்பும்போது தேக்கு மரமும் கயிறும் நறுமணப் பொருள்களும் கொண்டு சென்றன. குவைத்துக் கப்பல்களின் உடல் நம் நாட்டுத் தேக்கினால் ஆனது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர்களது கடைவீதியில் புழங்கிய நாணயமும் இந்திய ரூபாயே. 1959 ஆம் ஆண்டில் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1961 ஆம் ஆண்டில் குவைத் தன் சொந்தத் தினாரை வெளியிடும் வரை அங்கே ரூபாய்தான் செல்லுபடியாகியது. இன்று நாம் அவர்களது தினாருக்காகக் கடல் கடந்து செல்கிறோம். அன்று அவர்கள் நம் ரூபாயைக் கொண்டு வாணிபம் செய்தார்கள்.

அந்தக் கடல் வாழ்விலிருந்து ஒரு கலையும் பிறந்தது. முத்துக்குளிக்கும் கப்பல் ஒவ்வொன்றிலும் ‘நஹ்ஹாம்’ எனப்படும் பாடகர் ஒருவர் இருப்பார். பாய் விரிக்கவும், நங்கூரம் தூக்கவும், துடுப்பு வலிக்கவும் தோழர்களுக்கு ஊக்கமளிக்கும் வகையில் பாடுவதே அவரது பணி. உழைப்பின் களைப்பையும், கரையில் விட்டு வந்த குடும்பத்தின் நினைவையும் தாங்கிக்கொள்ளும் வலிமையை அப்பாடல்கள் அவர்களுக்குத் தந்தன. பாலைவனத்தில் வாழ்ந்த பதவிப் பெண்களோ ஆட்டு ரோமத்தையும் ஒட்டக ரோமத்தையும் நூற்றுச் சாயமேற்றி, தரையில் அமைத்த தறியில் ‘ஸது’ என்னும் துணியை நெய்தனர். கூடாரமும் விரிப்பும் சேணப்பையும் அந்தத் துணியினால் ஆனவை. அதில் அமைந்த முக்கோணங்களும் கோடுகளும் தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்டவை.

1930 களில் ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தையை நிறைத்தன. உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. முத்து வாணிபம் நலிந்தது. 1938 ஆம் ஆண்டில் புர்கான் என்னுமிடத்தில் எண்ணெய் கண்டறியப்பட்டது; 1946 ஆம் ஆண்டில் முதல் ஏற்றுமதி நடந்தது. ஒரு தலைமுறைக்குள் கடலோடிகளின் பிள்ளைகள் அலுவலகங்களில் அமர்ந்தனர். மண் வீடுகள் இடிக்கப்பட்டு அகன்ற சாலைகள் போடப்பட்டன. வறுமை நீங்கியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நஹ்ஹாமின் குரலும் ஸதுவின் தறியும் மெல்ல மெல்ல மறையத் தொடங்கின. செல்வம் வந்த வேகத்தில் பழமை அழிந்துவிடும் என்பதை உணர்ந்த சிலர் அந்நாட்டிலேயே இருந்தனர். இனி வரும் வரலாறு அவர்களது முயற்சியைப் பற்றியதே.

கல்விக்கு இட்ட அடித்தளம்

எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே, 1911 ஆம் ஆண்டில், அவ்வூர் வணிகர்கள் தம் நன்கொடையால் ‘முபாரகிய்யா’ பள்ளிக்கூடத்தைத் தொடங்கினர். செல்வம் வந்தபின் கல்வியை நினைத்தவர்கள் அல்லர் அவர்கள் என்பதற்கு இதுவே சான்று.

1958 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ‘அல்-அரபீ’ என்ற திங்களிதழ் குவைத்திலிருந்து வெளிவந்தது. எகிப்து நாட்டு அறிஞர் டாக்டர் அஹ்மத் ஸகீ அதன் முதல் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். குவைத் முழு விடுதலை பெற்றதோ 1961 ஆம் ஆண்டில்தான். அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே, மொராக்கோ முதல் இராக் வரை அரபு மொழி பேசும் மக்கள் அனைவரும் வாங்கிப் படிக்கக்கூடிய விலையில் ஓர் அறிவு இதழை அச்சிறுநாடு வழங்கியது.

1973 ஆம் ஆண்டில் பண்பாடு, கலை, இலக்கியத்திற்கான தேசியக் குழு அமைக்கப்பட்டது. 1975 ஆம் ஆண்டு முதல் புத்தகக் கண்காட்சி நடைபெறலாயிற்று. 1978 ஆம் ஆண்டில் ‘ஆலமுல் மஃரிஃபா’ என்னும் நூல் வரிசை தொடங்கப்பட்டு, மாதம் ஒரு நூலாகக் குறைந்த விலையில் வெளியிடப்பட்டது. நம் ஆலிம் பெருமக்கள் நன்கறிந்த 45 தொகுதிகள் கொண்ட ஃபிக்ஹ் கலைக்களஞ்சியமும் குவைத்தின் வக்ஃபு அமைச்சகம் வெளியிட்டதே. நான்கு மத்ஹபுகளின் சட்டங்களையும் அகர வரிசையில் தொகுத்துத் தரும் அப்பெருநூல், நம் நாட்டு மதரஸாக்களின் நூலகங்களிலும் இடம்பெற்றிருக்கிறது. எண்ணெய்ப் பணம் எங்கே சென்றது என்று கேட்போருக்கு, அதில் ஒரு பகுதி இவ்வாறு நம் மதரஸாவின் அலமாரிக்கும் வந்து சேர்ந்தது என்று விடை கூறலாம்.

கண்ணாடிக் குப்பியில் தொடங்கிய கருவூலம்

1975 ஆம் ஆண்டில் குவைத்தின் ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த ஷைக் நாஸிர் ஸபாஹ் அல்-அஹ்மத் அஸ்-ஸபாஹ் என்பவர், இலண்டனில் ஒரு கலைப்பொருள் விற்பனைக் கூடத்தில் வண்ணப்பூச்சு வேலைப்பாடு அமைந்த கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கண்டார். எகிப்தையும் ஷாமையும் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட 14 ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட குப்பி அது. அதன் அழகு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதை வாங்கியதுடன் அவர் நின்றுவிடவில்லை. முஸ்லிம்கள் ஆண்ட நிலப்பரப்பு முழுவதிலும் தோன்றிய கலைப்பொருள்களைத் தேடித் தேடிச் சேர்க்கலானார். உலகெங்கும் பிற நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கும் இஸ்லாமியக் கலைச் செல்வத்தை ஒரு முஸ்லிம் நாட்டிலேயே காணும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று.

ஸ்பெயின் நாட்டின் அந்தலூஸிலிருந்து இந்தியா வரை, ஹிஜ்ரி முதல் நூற்றாண்டு தொட்டுப் பிற்காலம் வரை, பல்லாயிரம் பொருள்கள் அத்தொகுப்பில் சேர்ந்தன. திருக்குர்ஆன் கையெழுத்துப் பிரதிகளின் ஏடுகள், மெருகிட்ட மட்பாண்டங்கள், வெள்ளி பதித்த பித்தளைக் கலங்கள், கம்பளங்கள், விண்மீன்களின் உயரத்தை அளந்து நேரத்தையும் திசையையும் கணிக்க உதவிய ‘அஸ்துர்லாப்’ கருவிகள் ஆகியன அவற்றுள் அடங்கும். நம் நாட்டின் முகலாயர் காலத்து நகைகளும், தக்காண சுல்தான்களின் காலத்துக் கைவினைப் பொருள்களும் அத்தொகுப்பின் தனிச்சிறப்பு எனலாம். மரகதத்தில் பூவேலை செதுக்கிய இந்தியக் கைவினைஞரின் திறமை குவைத்தில் போற்றப்படுவது நமக்குப் பெருமை தருவதாகும்.

இவ்வளவையும் தம் மாளிகைக்குள் பூட்டி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. அவர் அவ்வாறு செய்யவில்லை. அவரும், முன்னாள் அமீரின் புதல்வியான அவர்தம் மனைவியார் ஷைக்கா ஹுஸ்ஸா ஸபாஹ் அஸ்-ஸாலிம் அஸ்-ஸபாஹ் அவர்களும் சேர்ந்து, அத்தொகுப்பை நாட்டு மக்கள் காணும்படி அரசிடம் ஒப்படைக்க முடிவு செய்தனர். உரிமை குடும்பத்துடையது; பயன் மக்களுடையது. 1983 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் மிஷேல் எகோஷார் வடிவமைத்த தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு கட்டடத்தில், ‘தாருல் ஆஸாரில் இஸ்லாமிய்யா’ திறந்து வைக்கப்பட்டது. இஸ்லாமியத் தொல்பொருள் இல்லம் என்பது அதன் பொருள். அதன் பொறுப்பை ஷைக்கா ஹுஸ்ஸா ஏற்றுக்கொண்டார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனத்தில் கொள்ள வேண்டும். திறக்கப்பட்ட அதே ஆண்டிலேயே, அத்தொகுப்பின் முக்கியமான பொருள்களைப் படங்களுடன் விளக்கும் நூல் ஒன்றும் அச்சிடப்பட்டு உலக அறிஞர்களின் கைகளுக்குச் சென்றது. பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டன. அது கண்ணாடியா, உலோகமா, நகையா, கையெழுத்துப் பிரதியா என்பதை அந்த எண்ணோடு சேர்ந்த எழுத்தே காட்டிவிடும். வெறும் அலுவலக நடைமுறையாகத் தோன்றும் இவ்வேலையின் அருமை அடுத்த எட்டாண்டுகளில் புலப்பட்டது.

ஏழு மாத இருள்

1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை அதிகாலையில் இராக்கின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. ஒரு முஸ்லிம் நாட்டின் படை மற்றொரு முஸ்லிம் நாட்டை விழுங்கிய அத்துயர நாளை நம்மில் பலரும் மறந்திருக்க மாட்டோம். ஆக்கிரமிப்பு ஏறக்குறைய ஏழு மாதங்கள் நீடித்தது.

செப்டம்பர் மாதத்தில் பாக்தாதிலிருந்து அருங்காட்சியகப் பணியாளர்கள் வந்தனர். தாருல் ஆஸாரின் பொருள்கள் கட்டப்பட்டுச் சரக்குந்துகளில் பாக்தாதுக்குக் கொண்டு செல்லப்பட்டன. போர்க்காலத்தில் கலைச் செல்வங்களைப் பாதுகாப்பதற்கான 1954 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையைக் காட்டி, பாதுகாப்புக்காகவே எடுத்துச் சென்றதாக இராக் அரசு பின்னர் கூறியது. வீட்டுக்காரரை விரட்டிவிட்டு வீட்டுப் பொருளைப் பாதுகாப்பதாகக் கூறுவது எத்தகைய நியாயம் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

1991 ஆம் ஆண்டு பிப்ரவரி 26 ஆம் நாள் குவைத் விடுதலையடைந்தது. பின்வாங்கிய படைகள் அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தன. தேசிய அருங்காட்சியகமும் தீக்கிரையாயிற்று. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் 14 ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட பெரிய மரக்கதவுகள் எரிந்து சாம்பலாயின. ஆறு நூற்றாண்டுக் காலம் வெயிலையும் மழையையும் தாங்கி நின்ற அக்கதவுகளை ஒரு தீ விழுங்கிவிட்டது. அருங்காட்சியக வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த ‘முஹல்லப்’ என்னும் பழைய பூம் கப்பலும் எரிந்தது. கடலோடிகளின் உழைப்புக்கு நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருந்த கப்பல் அது.

அத்தொகுப்பின் ஒரு சிறு பகுதி மட்டும் இத்துன்பத்திலிருந்து தப்பியது. நூற்றுக்கும் மேற்பட்ட தேர்ந்த பொருள்கள் அச்சமயத்தில் சோவியத் நாட்டின் லெனின்கிராடு நகரில், ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் கண்காட்சிக்காகச் சென்றிருந்தன. அவை நாடு திரும்ப முடியவில்லை. அங்கிருந்து அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குச் சென்று, பின்னர் ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. தாயகம் வரைபடத்திலிருந்தே அழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட அந்த மாதங்களில், குவைத் என்று ஒரு நாடு உண்டு, அதற்கு ஒரு பண்பாடு உண்டு என்று அப்பொருள்களே உலகுக்கு எடுத்துக்கூறின.

எழுதி வைத்தது காப்பாற்றியது

விடுதலைக்குப் பின், 1991 மார்ச் 2 ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 686 ஆம் எண் தீர்மானம், குவைத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட உடைமைகள் அனைத்தையும் திருப்பித் தரவேண்டும் என்று இராக்கைப் பணித்தது. ஏப்ரல் மாதத்தில் வந்த 687 ஆம் எண் தீர்மானமும் அதனை வலியுறுத்தியது. அதன்படி செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஐ.நா. அதிகாரிகளின் முன்னிலையில், பாக்தாதில் தாருல் ஆஸாரின் பொருள்களும் தேசிய அருங்காட்சியகத்தின் பொருள்களுமாக 25,000 க்கும் மேற்பட்டவை திரும்ப ஒப்படைக்கப்பட்டன.

‘எங்கள் பொருளைத் தாருங்கள்’ என்று கேட்பது எளிது. ‘எது உங்கள் பொருள்?’ என்ற கேள்விக்கு விடை சொல்வதே கடினம். எண்ணும், படமும், விளக்கமும் இருந்ததனால் குவைத்தால் அதற்கு விடை சொல்ல முடிந்தது. எது வந்தது, எது உடைந்து வந்தது, எது வரவேயில்லை என்பதையும் கூற முடிந்தது. முகலாயர் காலத்துச் செதுக்கு மரகதங்கள் உட்படச் சில அரிய பொருள்கள் திரும்பவில்லை. அவை காணாமற் போனவையாக உலகுக்கு அறிவிக்கப்பட்டிருக்கின்றன. திருடியவர் அவற்றைச் சந்தையில் வெளிப்படையாக விற்க இயலாதபடி அந்தப் பதிவே தடுத்து நிற்கிறது.

அருங்காட்சியகப் பொருள்களைப் போல அரசின் ஆவணங்கள் எளிதில் மீளவில்லை. தேசிய ஆவணங்களைத் தேடும் பணி முப்பது ஆண்டுகளைக் கடந்தும் நீண்டது. 2019 ஆம் ஆண்டில்கூட, அன்று எடுத்துச் செல்லப்பட்ட நூல்களையும் ஒலி, ஒளி நாடாக்களையும் இராக் திருப்பி அளித்தது. ஒரு நாட்டின் நினைவைப் பறிப்பதற்குச் சில நாள்கள் போதும்; அதனை மீட்பதற்கோ ஒரு தலைமுறை வேண்டும் என்பதற்கு இதுவே சான்றாகும்.

இன்னொன்றையும் நடுநிலையோடு குறிப்பிட வேண்டும். 2003 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கப் படைகள் பாக்தாதுக்குள் நுழைந்தபோது, காப்பாரின்றி விடப்பட்ட இராக்கின் தேசிய அருங்காட்சியகமும் சூறையாடப்பட்டது. ஏறக்குறைய 15,000 பொருள்கள் களவு போயின. மனித நாகரிகத்தின் தொட்டில் எனப்படும் மண்ணின் செல்வம் அது. குவைத்துக்கு நேர்ந்ததற்கு இது பழிக்குப் பழி என்று மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டுமே முஸ்லிம் உம்மத்தின் இழப்புகள். மனித குலத்தின் இழப்புகள்.

இல்லம் இழந்தும் நில்லாத பணி

கட்டடம் எரிந்துவிட்டது என்பதற்காகத் தாருல் ஆஸார் தன் பணியை நிறுத்திவிடவில்லை. பழுதடைந்த பொருள்களைச் செப்பனிடும் வேலையை மேற்கொண்டது. காட்சிக்கூடம் இல்லாத காலத்தில் சொற்பொழிவுகள், வகுப்புகள், வெளிநாட்டுக் கண்காட்சிகள் வழியாகத் தன் கடமையைத் தொடர்ந்தது. 2001 ஆம் ஆண்டில் முகலாயர் காலத்து இந்திய நகைக் கலையை விளக்கும் அதன் கண்காட்சி இலண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தொடங்கியது. பின்னர் யர்மூக் பகுதியில் பண்பாட்டு மையம் ஒன்றும், பழைய அமெரிக்க மிஷன் மருத்துவமனைக் கட்டடத்தைப் புதுப்பித்து ‘அம்ரிகானி’ என்னும் மையமும் அமைக்கப்பட்டன. ஒரு காலத்தில் முத்துக்குளிப்போரும் அவர்தம் குடும்பத்தினரும் மருந்து வாங்க வந்த மருத்துவமனை, இடிக்கப்படாமல் கலைக்கூடமாக மாறியது. ஷைக் நாஸிர் 2020 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் காலமானார். அவர் ஒரு கண்ணாடிக் குப்பியில் தொடங்கிய பணி அவருக்குப் பின்னும் நிலைத்து நிற்கிறது.

குரைன் பண்பாட்டு விழாவும் விடுதலைக்குப் பின், 1994 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதே. அழிவின் தழும்பு ஆறும் முன்னரே, தம் ஊரின் பழம்பெயரில் ஒரு விழாவை அவர்கள் எடுத்தனர். பதவிப் பெண்களின் ஸது நெசவைக் காப்பதற்குக் கடற்கரைச் சாலையில் ‘பைத்துஸ் ஸது’ என்னும் இல்லம் அமைந்தது. 2020 ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவும் குவைத்தும் இணைந்து விண்ணப்பித்த இந்நெசவுக் கலையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே, குவைத்தில் நடக்கும் கலை நிகழ்ச்சிகள் வெறும் கேளிக்கைகள் அல்ல. ஒருமுறை இழந்தவர்கள் மீண்டும் இழந்துவிடக் கூடாது என்று எடுத்துக்கொண்ட உறுதியின் வெளிப்பாடுகள்.

அந்த ஆண்டும் நம் சகோதரர்களும்

1990 ஆம் ஆண்டின் துயரத்தில் நமக்கும் பங்கு உண்டு. அன்று குவைத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தனர். கடையை, சேமிப்பை, சம்பள பாக்கியை விட்டுவிட்டுப் பாலைவன வழியே இராக்கைக் கடந்து, ஜோர்தானின் அம்மான் நகர் சேர்ந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பினர். உடுத்த உடையோடு வந்திறங்கியவர்களைத் தமிழகத்தின் பல முஸ்லிம் ஊர்கள் அன்று கண்டன.

பின்னர் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. இருபத்தாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை ஆராய்ந்து, மொத்தம் 5,240 கோடி அமெரிக்க டாலர் வழங்கி, 2022 ஆம் ஆண்டில் அது தன் கொடுப்பனவை நிறைவு செய்தது. நம் நாட்டுத் தொழிலாளர்களும் அதில் இழப்பீடு பெற்றனர். அங்கே வசித்ததற்கும் அங்கிருந்து வெளியேறியதற்கும் ஏதேனும் ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது. கடவுச்சீட்டில் ஒரு முத்திரை, அகாமாவின் ஒரு நகல், முதலாளி கொடுத்த ஒரு தாள் என ஏதேனும் ஒன்றைப் பத்திரப்படுத்தியவருக்கு வழி எளிதாயிற்று. அரசருக்கு ஆயினும் தொழிலாளிக்கு ஆயினும் பறிபோனதை மீட்டுத் தந்தது எழுதி வைத்த தாளே.

நம் மஹல்லாவின் அமானிதம்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு நம் மார்க்கம் நமக்குக் கட்டளையிடுகிறது. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்குமாறும் பணிக்கிறது. முன்னோர் விட்டுச் சென்றவை, நாம் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வேண்டிய அமானிதம் அன்றோ?

குவைத்தைப் போன்ற நகைகளும் மரகதங்களும் நம்மிடம் இல்லை. ஆயினும் தமிழ் முஸ்லிம்களின் ஊர்களில் உள்ளவை சிறியனவல்ல. அரபுத் தமிழில் எழுதப்பட்ட கிதாபுகள் வீட்டுப் பரண்களில் கறையானுக்கு இரையாகின்றன. கப்ருஸ்தானில் எழுத்துப் பொறித்த பழைய மீஸான் கற்கள் புதைந்து கிடக்கின்றன. பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது பழைய கல்தூண்களும் மரவேலைகளும் கழிவெனக் கருதப்பட்டு விற்கப்படுகின்றன. நூறாண்டுப் பழமையுள்ள நிக்காஹ் பதிவேடுகளும், வக்ஃபுச் சொத்துகளின் பத்திரங்களும், வரவு செலவுக் கணக்கேடுகளும் எங்கே உள்ளன என்று கேட்டால் உடனே விடை கூற இயலாத நிலை பல ஊர்களில் இருக்கிறது. இவற்றை எந்தப் படையும் வந்து கவர்ந்து செல்லவில்லை. நம் கவனக்குறைவே கவர்ந்து செல்கிறது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு பதிவேடு போதும். பழமையான பொருள் எதுவாயினும் அதற்கு ஓர் எண், ஒரு புகைப்படம், அது என்ன, எவரிடம் உள்ளது, எப்படி வந்தது என்ற நான்கு வரி விளக்கம், இவ்வளவே வேண்டுவன. பொருளை உரியவர் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். உரிமை குடும்பத்துடையதாக இருக்க, பயன் அனைவருக்கும் கிடைக்கும். பதிவேட்டின் ஒரு படி பள்ளிவாசல் அலுவலகத்திலும், மற்றொரு படி வேறோர் இடத்திலும் இருத்தல் வேண்டும். நம் ஊர் மதரஸா மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் ஒரு விடுமுறைக் காலத்தில் முடித்துவிடக்கூடிய பணியே இது. நம் ஜமாஅத் நிர்வாகிகள் வரும் ஆண்டில் இதனை மேற்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் பணிவான வேண்டுகோள்.

குவைத்தில் இருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் குளிர்காலத்தில் புத்தகக் கண்காட்சியோ, குரைன் விழாவோ, தாருல் ஆஸாரின் சொற்பொழிவோ நடைபெறும் அறிவிப்பைக் கண்டால், விடுமுறை நாளொன்றில் சென்று பாருங்கள். ஸது நெசவைப் பாருங்கள். பழைய பூம் கப்பலின் மாதிரியைப் பாருங்கள். அவற்றிலே நம் நாட்டின் தேக்கும் நம் கைவினைஞரின் திறமையும் கலந்திருப்பதைக் காண்பீர்கள். ஊருக்குத் திரும்பும்போது பிள்ளைகளுக்குக் கூறுவதற்கு, தினாரின் மதிப்பைத் தவிர வேறு செய்திகளும் உங்களிடம் இருக்கும்.

முன்னோரின் அமானிதத்தைப் பேணி, அடுத்த தலைமுறையிடம் பழுதின்றி ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.